பழவேற்காட்டுச் சேற்றில் இரும்பைச் சுவாசிக்கும் பாக்டீரியா: எடுப்பது, வளர்ப்பது, அளப்பது – முழுமையான வழிகாட்டி

ஆரணியாறு பழவேற்காடு ஏரியில் கலக்கும் இடத்துக்கு அருகே ஒரு குழாயைச் சேற்றில் செருகி எடுத்துப் பார்த்தால் மூன்று நிறம் தெரியும். மேலே சில மில்லிமீட்டர் துருப்பழுப்பு. அதன் கீழ் சாம்பல். அதற்கும் கீழே மை போன்ற கருப்பு. மேல்படலத்தில்தான் ஆக்ஸிஜன் இருக்கிறது. அது தீர்ந்த ஆழத்தில் வாழும் பாக்டீரியா, தின்ற உணவிலிருந்து வரும் எலக்ட்ரான்களை இரும்பு, மாங்கனீசுத் துருக்களின் மேல் இறக்கிவிடுகிறது. ஃபெரிக் (மூன்று இணைதிறன்) இரும்பு எலக்ட்ரான் பெற்று ஃபெரஸ் (இரண்டு இணைதிறன்) ஆகிறது, பழுப்பு சாம்பலாகிறது. உலோக ஒடுக்கம் என்பது இதுதான்.

இந்த வழிகாட்டி ஆரம்பாக்கம், தடா, சூளூர்பேட்டை, சத்தியவேடு, பொன்னேரி பக்கத்துக் கல்லூரிகளில் நுண்ணுயிரியல், வேதியியல் படிப்பவர்களையும் சொல்லித் தருபவர்களையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் கலம்), சென்ட்ரிஃபியூஜ், ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் (நிறத்தின் அடர்த்தியை அளக்கும் கருவி), நைட்ரஜன் சிலிண்டர் இருந்தால் போதும். ஒன்றை முதலிலேயே மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்: பாட்டிலில் நிறம் மாறியது பாக்டீரியா வேலை செய்ததற்குச் சான்று ஆகாது. இரும்பை ஒடுக்க ஹைட்ரஜன் சல்ஃபைடும் போதும், வெயிலும் போதும். எது செய்தது என்று பிரித்துக் காட்டாத சோதனையால் பயனில்லை.

யாரைத் தேடுகிறோம்

இரண்டு பேரினங்கள் முக்கியம். டெரெக் லவ்லி 1987-இல் அமெரிக்காவின் போட்டோமாக் ஆற்றுச் சேற்றிலிருந்து பிரித்த ஜிஎஸ்-15 பின்னாளில் ஜியோபாக்டர் மெட்டாலிரெடியூசன்ஸ் என்று பெயர் பெற்றது. 1988-இல் மையர்ஸும் நீல்சனும் நியூயார்க் மாநிலத்து ஒனைடா ஏரியிலிருந்து மாங்கனீசை ஒடுக்கும் ஒன்றைப் பிரித்தார்கள். அதுதான் இன்று உலகெங்கும் ஆய்வகங்களில் வளர்க்கப்படும் ஷெவானெல்லா ஒனைடென்சிஸ் எம்ஆர்-1.

இவற்றின் குணம் வேறு வேறு. ஷெவானெல்லா ஆக்ஸிஜன் இருந்தால் அதைச் சுவாசிக்கும், இல்லாவிட்டால் இரும்புக்கு மாறும். அதனால் வளர்க்க எளிது. காற்றில்லாத நிலையில் அதன் விருப்பம் லாக்டேட். அதை அசிடேட்டாக்கி வெளியே விட்டுவிடும். ஜியோபாக்டர் அந்த அசிடேட்டைக் கரியமில வாயு வரை எரிக்கும், ஆனால் காற்று பட்டால் தடுமாறும். ஆகவே நீங்கள் போடும் உணவே யார் வளர்வது என்பதைப் பெருமளவு தீர்மானித்துவிடுகிறது: லாக்டேட் போட்டால் ஷெவானெல்லா, அசிடேட் போட்டால் ஜியோபாக்டர்.

துரு தண்ணீரில் கரையாது, செல்லுக்குள்ளும் நுழையாது. அதனால் எலக்ட்ரானை வெளியே கொண்டுவர ஷெவானெல்லா தன் வெளிச்சவ்வு முழுக்க எலக்ட்ரானைக் கடத்தும் சைட்டோகுரோம் புரதங்களைச் சங்கிலியாக வைத்திருக்கிறது; ஃபிளேவின் மூலக்கூறுகளைச் சுரந்து தூதும் அனுப்புகிறது. ஜியோபாக்டரின் மின்கடத்தும் நுண்ணிழைகளும் அடுக்கி நிற்கும் சைட்டோகுரோம்கள்தான் என்பது 2019-இல் கட்டமைப்பு அளவில் காட்டப்பட்டது.

படி 1: இடமும் சேறும்

ஏரியின் நடுவிலிருந்து சேறு எடுக்காதீர்கள். கடல் நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 28 மில்லிமோல் சல்ஃபேட் உண்டு. உவர் மிகுந்த இடத்தில் சல்ஃபேட்டைச் சுவாசிக்கும் பாக்டீரியாதான் ஆட்சி செய்யும். அது விடும் ஹைட்ரஜன் சல்ஃபைடு இரும்பைத் தானே ஒடுக்கிக் கருப்பு இரும்பு சல்ஃபைடாக்கிவிடும். நமக்குத் தேவை ஆற்று நீர் மேலோங்கிய இடம்: ஆரணியாற்றின் கீழ்ப்பகுதி, காளங்கியாறு ஏரியில் சேரும் பக்கம், அல்லது நீர் கட்டி நிற்கும் நெல் வயல். வயல் சேறு முதல் முயற்சிக்கு மிக உகந்தது. ஒரே நாளில் வயலிலும் ஏரியிலும் எடுத்து ஒப்பிட்டால் பாடம் இன்னும் தெளிவாகும்.

வயலில் எங்கே எடுப்பது என்பதற்குக் கண்ணுக்குத் தெரியும் அடையாளம் உண்டு. வரப்போரம் நீர் கசியும் இடத்தில் ஆரஞ்சுக் கசடும், அதன் மேல் எண்ணெய் போல மினுங்கும் படலமும் இருக்கும். குச்சியால் கலைத்துப் பாருங்கள். எண்ணெய் என்றால் மறுபடி ஒன்றுகூடும். இரும்புப் படலம் சில்லு சில்லாக உடைந்து அப்படியே மிதக்கும். கீழே கரைந்த ஃபெரஸ் இரும்பு மேலே வந்து காற்றுப்பட்டு மீண்டும் துருவாகிறது என்று பொருள். அந்த இடத்துக்குக் கீழே ஒடுக்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

2 அங்குல பிவிசி குழாயை 30 சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டி, ஒரு விளிம்பைக் கூராக்குங்கள். நேராகச் செருகி, மேல்வாயை ரப்பர் அடைப்பானால் இறுக்கி மூடிய பிறகே இழுக்க வேண்டும். மூடாமல் இழுத்தால் சேறு வழுக்கிக் கீழேயே நின்றுவிடும். வெளியே வந்ததும் கீழ்வாயையும் மூடுங்கள். எடுத்த சேற்றைப் பாட்டிலில் வைக்க நேர்ந்தால் பாட்டிலின் விளிம்பு வரை நிரப்புங்கள், காற்றுக்கு இடம் விடாதீர்கள். ஐஸ் பெட்டியில் வைத்து ஒரு நாளுக்குள் வேலையைத் தொடங்கிவிட வேண்டும். உறைய விடக் கூடாது. உப்பளவு, பிஎச், வெப்பநிலை மூன்றையும் அங்கேயே அளந்து எழுதுங்கள்.

பழவேற்காடு பறவைகள் சரணாலயம். தமிழகப் பக்கமானாலும் ஆந்திரப் பக்கமானாலும் சரணாலய எல்லைக்குள் சேறெடுக்க அந்தந்த வனத்துறை அனுமதி வேண்டும். கையுறை, முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ் இல்லாமல் இறங்காதீர்கள். காரணத்தைக் கடைசிப் பகுதி சொல்லும்.

படி 2: இரும்புத் துரு செய்தல்

கடையில் வாங்கும் சிவப்பு இரும்பு ஆக்ஸைடு உதவாது. அது படிகம், பாக்டீரியா அதை மிக மெதுவாகத்தான் தொடும். நமக்கு வேண்டியது படிகமாகாத புதுத் துரு, அதாவது ஃபெரிஹைட்ரைட்.

ஆறு நீர்மூலக்கூறு கொண்ட ஃபெரிக் குளோரைடு 27 கிராமை 250 மில்லி காய்ச்சி வடித்த நீரில் கரையுங்கள். சோடியம் ஹைட்ராக்சைடு 12 கிராமை 150 மில்லி நீரில் தனியாகக் கரைத்து ஆறவையுங்கள். காந்தக் கலக்கி வேகமாகச் சுற்ற, காரத்தைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். பிஎச் 4 தாண்டியதும் இன்னும் மெதுவாக. 7-இல் நிறுத்துங்கள், காரம் முழுவதும் தேவைப்படாமல் போகலாம். இங்கே அவசரப்பட்டு 8, 9 என்று ஏற்றிவிட்டால் துரு படிகமாக மாறத் தொடங்கும்; வாரக்கணக்கில் காத்திருந்தும் பாட்டில் பழுப்பாகவே இருக்கும்.

கூழைச் சென்ட்ரிஃபியூஜில் இறக்கி, மேல்நீரைக் கொட்டி, மீண்டும் நீர் விட்டுக் கலக்கிக் கழுவுங்கள். மேல்நீரில் ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டால் வெண்மை தெரியாத வரை இதைத் தொடர வேண்டும். கடைசியில் 100 மில்லியாக்கினால் ஏறத்தாழ 1 மோலார் துருக்கூழ் கிடைக்கும். குளிர்பெட்டியில் 4 டிகிரியில் வையுங்கள். உலர்த்தவோ உறையவைக்கவோ கூடாது.

ஃபெரிக் சிட்ரேட் கரையும், வேலை சுலபம் என்று சிலர் அதையே எடுப்பார்கள். எடுக்கலாம், ஆனால் ஜன்னலோர வெளிச்சமே அதை ஃபெரஸ் ஆக்கிவிடும். பாட்டிலை அலுமினியத் தாளால் சுற்றாமல் வைத்தால் கிடைப்பது சூரியனின் வேலைக்கான அளவுதான்.

படி 3: மீடியம்

ஒரு லிட்டருக்கு: சோடியம் பைகார்பனேட் 2.5 கிராம், அம்மோனியம் குளோரைடு 0.25, சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 0.6, பொட்டாசியம் குளோரைடு 0.1, மூன்று நீர்மூலக்கூறு கொண்ட சோடியம் அசிடேட் 1.36 கிராம். விட்டமின் கரைசலும் நுண்தாதுக் கரைசலும் தலா 10 மில்லி. ஏரிச் சேறு என்றால் நீங்கள் அளந்த உப்பளவுக்கு ஏற்பச் சாதாரண உப்பும் கொஞ்சம் மக்னீசியம் குளோரைடும். மக்னீசியம் சல்ஃபேட் போடக் கூடாது. சல்ஃபேட்டை ஒதுக்கத்தானே இத்தனை பாடு.

1.36 கிராம் என்பது லிட்டருக்கு 10 மில்லிமோல். ஒரு அசிடேட் மூலக்கூறு முழுதாக எரிந்தால் எட்டு எலக்ட்ரான் தரும், அதாவது எட்டு ஃபெரிக் இரும்பை மாற்றும். நாம் போடப்போவது 50 மில்லிமோலார் இரும்பு. அதற்கு 6.25 போதும். உணவு தீர்ந்து சோதனை நின்றுவிடாதபடி மீதம் வைத்திருக்கிறோம்.

பைகார்பனேட், விட்டமின் தவிர மற்றவற்றைக் கரைத்துக் கொதிக்கவைத்து, நைட்ரஜன் 80, கரியமில வாயு 20 விகிதக் கலவையை ஊதிக்கொண்டே ஆறவிடுங்கள். பிறகு பைகார்பனேட். பிஎச் 6.8-க்கும் 7-க்கும் இடையில் நிற்க வேண்டும். வெறும் நைட்ரஜன் மட்டும் இருந்தால் பைகார்பனேட்டுக்குப் பதில் 20 மில்லிமோலார் ஹெப்பீஸ் (பிஎச்சை நிலையாக வைக்கும் பொருள்) பயன்படுத்துங்கள். 60 மில்லி சீரம் பாட்டில் ஒவ்வொன்றிலும் 42.5 மில்லி மீடியம், 2.5 மில்லி துருக்கூழ். வாயு ஊதியபடியே பியூட்டைல் ரப்பர் அடைப்பானால் மூடி, அலுமினிய வளையம் இறுக்கி, 121 டிகிரியில் 20 நிமிடம். விட்டமினை ஆறிய பிறகு வடிகட்டிச் சிரிஞ்சால் ஏற்றுங்கள்.

சாதாரண ரப்பர் அடைப்பான் வேண்டாம், ஆக்ஸிஜன் அதன் வழியே மெல்ல ஊடுருவும். மெழுகுவத்தி ஜாடி முறையும் இங்கே செல்லாது. சுடர் அணைந்த பிறகும் ஜாடியில் ஆக்ஸிஜன் நிறையவே மிச்சமிருக்கும்.

படி 4: பாட்டில்களின் வரிசை

சேறு ஒரு பங்கு, ஆக்ஸிஜன் நீக்கிய, அசிடேட் இல்லாத மீடியம் ஒரு பங்கு கலந்து, அதிலிருந்து 5 மில்லி ஒவ்வொரு பாட்டிலுக்கும். எல்லாம் மும்மூன்று:

உயிருள்ள சேறும் அசிடேட்டும் கொண்டவை மூன்று. அதே சேறு, அசிடேட் இல்லாமல் மூன்று. கொன்ற சேறும் அசிடேட்டும் மூன்று. சேறே இல்லாதவை மூன்று. ஏரிச் சேறானால், உயிருள்ள சேற்றோடு 5 மில்லிமோலார் சோடியம் மாலிப்டேட் சேர்த்தவை இன்னும் மூன்று. ஒரு பாட்டிலுக்கு 0.06 கிராம். மாலிப்டேட் சல்ஃபேட் சுவாசிகளை முடக்கும். அதையும் மீறி ஃபெரஸ் ஏறினால் அது சல்ஃபைடின் வேலை அல்ல.

சேற்றைக் கொல்வது ஒரு தடவை ஆட்டோகிளேவ் செய்வதால் முடியாது. வித்துகள் தப்பிப் பிழைக்கும். அடுத்தடுத்த மூன்று நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் 121 டிகிரியில் வையுங்கள்.

30 டிகிரியில், இருட்டில், குலுக்காமல் வைக்க வேண்டும். நெல் வயல் சேற்றில் மாற்றம் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்துக்குள் தெளிவாகிவிடும்.

படி 5: அளப்பது

ஃபெரஸ் இரும்போடு மட்டும் சேர்ந்து நிறம் தரும் ஃபெரோசின் என்ற வினைப்பொருளைக் கொண்டு அளக்கும் முறைதான் இதற்குச் சரியானது. பாட்டிலை நன்றாகக் கலக்கி, நைட்ரஜனால் துரத்திய சிரிஞ்சால் 0.1 மில்லி எடுத்து 4.9 மில்லி 0.5 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் விடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து அதிலிருந்து 0.1 மில்லியை 4.9 மில்லி ஃபெரோசின் கரைசலில் விட வேண்டும். லிட்டருக்கு 1 கிராம் ஃபெரோசின், 50 மில்லிமோலார் ஹெப்பீஸில், பிஎச் 7. நாவல்பழ நிறம் வரும். 562 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சளவை உடனே வாசியுங்கள். தாமதித்தால், அதிலும் வெளிச்சத்தில் வைத்தால், ஃபெரிக் இரும்பும் மெல்ல ஒடுங்கி அளவைக் கூட்டிக் காட்டும்.

இந்த விகிதத்தில் மொத்த நீர்ப்பு 2,500 மடங்கு. 1 சென்டிமீட்டர் குவெட்டில் வந்த எண்ணை 90-ஆல் பெருக்கினால் பாட்டிலில் உள்ள ஃபெரஸ் மில்லிமோலாரில் கிடைக்கும், 0.11 என்றால் ஏறத்தாழ 10. இதை நம்பி விட்டுவிடாமல் மோர் உப்பு (ஃபெரஸ் அம்மோனியம் சல்ஃபேட்) 0.392 கிராமை 100 மில்லி 0.5 மோலார் அமிலத்தில் கரைத்து 10 மில்லிமோலார் தரக்கரைசல் செய்து, அதை அளந்து ஒப்பீட்டுக் கோடு வரையுங்கள். ஃபெரோசின் கிடைக்காவிட்டால் 1,10-பினாந்த்ரோலின், 510 நானோமீட்டர். நிறம் பாதிக்கும் குறைவான வலுவில்தான் வரும், அதற்கேற்ப நீர்ப்பைக் குறையுங்கள்.

சேறு விட்ட அன்றே எடுக்கும் பூஜ்ய நேர அளவைத் தவறவிடாதீர்கள். சேற்றில் ஏற்கெனவே ஃபெரஸ் இருக்கிறது, அது கொன்ற பாட்டிலிலும் தெரியும். கொன்ற பாட்டிலில் முதல் ஓரிரு நாள் அளவு ஏறி அப்படியே நின்றால் பதறவேண்டாம்: சேற்றோடு வந்த சல்ஃபைடு துருவைத் தொட்டுத் தீர்ந்துவிட்டது, அவ்வளவே. உயிருள்ள பாட்டில் மட்டும் தொடர்ந்து ஏற வேண்டும். கொன்றதும் தொடர்ந்து ஏறினால் சேறு சாகவில்லை. அசிடேட் இல்லாத பாட்டிலும் சமமாக ஏறினால் சேற்றின் சொந்த மக்கே உணவாகிறது. அடுத்த பாட்டிலுக்கு மாற்றும்போது (படி 6) சரியாகும். எதுவுமே ஏறாவிட்டால் முதலில் அடைப்பானைச் சந்தேகியுங்கள், அடுத்து துருவை.

நன்றாக நடந்த பாட்டிலில் பழுப்புக் கூழ் கருத்து, கனத்து, அடியில் படியும். வெளியிலிருந்து ஒரு வலுவான காந்தத்தைக் கண்ணாடியோடு ஒட்டி மேலே நகர்த்துங்கள். கருப்புத் தூள் சுவரோடு ஊர்ந்து கூடவே ஏறினால் மாக்னடைட் (காந்தத்தால் ஈர்க்கப்படும் இரும்பு ஆக்ஸைடு) உருவாகியிருக்கிறது. இரும்பு சல்ஃபைடுக் கருப்பு பெரும்பாலும் இப்படி ஏறாது. மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துச் சல்ஃபைடு கண்டுபிடிக்கும் பழக்கம் வேண்டாம். ஈரமான லெட் அசிடேட் தாள் கருக்கிறதா என்று பாருங்கள்.

படி 6: மாற்றி வளர்த்தல், பிரித்தல்

இரும்பில் பாதி ஒடுங்கியதும் 5 மில்லியைப் புதுப் பாட்டிலுக்கு மாற்றுங்கள். நான்கைந்து மாற்றத்தில் சேற்றின் சல்ஃபேட்டும் மக்கும் நீர்த்துப்போய், இரும்பால் வாழ்கிறவை மட்டும் நிற்கும்.

ஷெவானெல்லா வேண்டுமானால் அசிடேட்டுக்குப் பதில் லாக்டேட் போட்டு வளர்த்த பாட்டில் வரிசையிலிருந்து தட்டில் தேய்த்துச் சாதாரணக் காற்றிலேயே 30 டிகிரியில் வளர்க்கலாம். இளஞ்சிவப்பு கலந்த பழுப்புக் காலனிகளைப் பொறுக்குங்கள். அந்த நிறம் சைட்டோகுரோமில் உள்ள ஹீமின் நிறம். ஆக்சிடேஸ் நேர்மறை. பொறுக்கியதை மீண்டும் துருப் பாட்டிலில் விட்டு ஒடுக்குகிறதா என்று பார்த்த பிறகுதான் பெயர் வைக்க வேண்டும். ஜியோபாக்டருக்குக் காற்றில்லாமல் பத்துப் பத்து மடங்காக நீர்த்துக்கொண்டே போய், கடைசியாக வளர்ந்த பாட்டிலிலிருந்து மறுபடி தொடங்குவதுதான் வழி. வாரங்கள் ஆகும். பாக்டீரியாவை அடையாளம் காண உதவும் 16எஸ் மரபணுவை வரிசைப்படுத்தினால் பேரினம் உறுதியாகும். ஷெவானெல்லா சிற்றினங்களைப் பிரிக்க அது பல நேரம் போதாது, ஜைர்-பி மரபணுவும் வேண்டும்.

குரோமியத்தில் என்ன செய்யும், என்ன செய்யாது

பாலாற்றங்கரை ராணிப்பேட்டையைப் பற்றித் தெரிந்தவர்கள் அடுத்துக் கேட்பது இதுதான்: தோல், குரோமியத் தொழில்கள் விட்டுப்போன நஞ்சை இவை நீக்குமா? ஆறு இணைதிறன் குரோமியம் கரையும், நிலத்தடி நீரோடு பயணிக்கும், புற்றுநோய் தரும். ஒடுங்கி மூன்று இணைதிறன் ஆனால் ஏறத்தாழ நடுநிலை பிஎச்சில் படிந்துவிடும். ஆனால் பெரும்பங்கு வேலையைச் செய்வது பாக்டீரியா நேரடியாக அல்ல, அது உண்டாக்கிய ஃபெரஸ் இரும்புதான். மூன்று ஃபெரஸுக்கு ஒரு குரோமியம்.

இதைச் சோதிக்கக் கழுவிய ஷெவானெல்லா செல்லும் லாக்டேட்டும் மட்டும் ஒரு வரிசை, அவற்றோடு துரு சேர்த்தது ஒரு வரிசை, செல்லை 0.2 மைக்ரான் வடிகட்டியில் நீக்கிய ஃபெரஸ் நீர் மட்டும் ஒரு வரிசை. லிட்டருக்கு 14.7 மில்லிகிராம் பொட்டாசியம் டைக்குரோமேட் போட்டால் 5.2 மில்லிகிராம் குரோமியம். சென்ட்ரிஃபியூஜ் செய்த மேல்நீரை மட்டும் டைஃபினைல் கார்பசைடு முறையில் 540 நானோமீட்டரில் அளந்து பாருங்கள். துருவோடு சேர்த்து அமிலம் ஊற்றினால் சோதனைக் குழாயிலேயே ஃபெரஸ் குரோமியத்தை ஒடுக்கிவிடும்; பாக்டீரியா செய்யாததும் செய்ததாகத் தெரியும்.

உலோகம் எங்கும் போய்விடவில்லை, அங்கேயேதான் இருக்கிறது. மண்ணில் மாங்கனீசு ஆக்ஸைடு இருந்தால் படிந்த குரோமியத்தை அது மீண்டும் ஆறு இணைதிறனாக்கும். யுரேனியத்திலும் இதே கதைதான்: 1991-இல் லவ்லி குழு இவை யுரேனியத்தை ஒடுக்கிப் படியவைப்பதைக் காட்டியது, பின்னர் கொலராடோவின் ரைஃபிளில் நிலத்தடியில் அசிடேட் செலுத்திக் களச்சோதனை நடந்தது. ஒடுக்கம் நன்மையே தரும் என்றும் எண்ண வேண்டாம். வங்கப் படுகையில் துருவோடு ஒட்டியிருந்த ஆர்செனிக் கிணற்று நீருக்குள் இறங்கியதற்கு இதே இரும்பு ஒடுக்கம் முக்கியக் காரணம். ஜியோபாக்டர் சிலவற்றிடம் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக்கும் மரபணுக்களும் உண்டு. அது மீனில் சேரும். களத்தில் அசிடேட் ஊற்றும் முன் அங்கே ஆர்செனிக்கும் பாதரசமும் எவ்வளவு என்று அளக்காமல் யாரும் இறங்கக் கூடாது.

குரோமியக் கழிவைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். தனிப் பாட்டிலில் சேர்த்து, அபாயக் கழிவாகவே அனுப்புங்கள்.

மருத்துவப் பக்கம்

ஷெவானெல்லா என்ற பெயர் ஜேம்ஸ் ஷெவான் என்ற மீன் நுண்ணுயிரியலாளரை நினைத்து 1985-இல் வைக்கப்பட்டது. ஐஸில் வைத்த மீனும் கெடுவதற்கு இந்தப் பேரினம் ஒரு காரணம்: குளிரிலும் வளரும், மீன் தசையில் உள்ள சேர்மத்தை ட்ரைமெத்தில் அமீனாக்கி அந்த வாடையைத் தரும். மனிதரிடம் நோய் தருவதில் முதன்மையானது ஷெவானெல்லா ஆல்கே. வெதுவெதுப்பான உவர்நீரில் வாழும், 42 டிகிரியிலும் 6.5 விழுக்காடு உப்பிலும் வளரும். பழவேற்காடு போன்ற காயல் அதற்கு ஏற்ற இடம்.

ஆளிச் சிப்பி கிழித்த கால், திருக்கை முள் குத்து, காலில் ஆறாத புண் இவை வழியே நுழைந்து தோலும் தசையும் வீங்கச் செய்யும். காதில் சீழும் தரும். கல்லீரல் நோய், சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இரத்தத்தில் பரவும் ஆபத்து அதிகம். கையால் இறால் தடவிப் பிடிப்பவர்களும் வலை இழுப்பவர்களும் இறங்கும் முன் புண்ணை நீர் புகாதபடி கட்ட வேண்டும். வெட்டுப்பட்டால் உடனே நல்ல தண்ணீரும் சோப்பும் கொண்டு நன்றாகக் கழுவ வேண்டும். சிவப்பு பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றே மருத்துவரிடம் போய், "ஏரித் தண்ணி பட்ட காயம்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்த ஒரு வாக்கியம் மருந்துத் தேர்வையே மாற்றக்கூடும், ஏனெனில் பென்சிலின் இதற்குப் பெரும்பாலும் கேட்காது. மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின்கள் பொதுவாகக் கேட்கும்.

மருந்தெதிர்ப்பில் இந்தப் பேரினத்தின் பங்கு பெரிது. குயினலோன் எதிர்ப்பு தரும் கியூஎன்ஆர்-ஏ மரபணுவின் மூலம் ஷெவானெல்லா ஆல்கே என்று 2005-இல் கண்டறியப்பட்டது. கார்பபெனெம் மருந்துகளை உடைக்கும் ஆக்ஸா-48 குடும்பமும் ஷெவானெல்லாவிலிருந்தே கிளெப்சியெல்லா போன்ற மருத்துவமனைக் கிருமிகளுக்குத் தாவியது. அக்குடும்பத்தின் ஆக்ஸா-181 இந்திய நோயாளிகளிடமிருந்து எடுத்த கிருமிகளில்தான் முதலில் அறியப்பட்டது. அதனால் உங்கள் கல்ச்சரை அழிக்காமல் கழிவுநீரில் விடுவது வெறும் ஒழுங்கீனம் அல்ல, ஆபத்து. ஒவ்வொரு பாட்டிலும் ஆட்டோகிளேவுக்குப் போன பிறகே வெளியே போக வேண்டும்.

மருத்துவமனை ஆய்வகத்தில் இதைப் பிடிப்பது கடினமல்ல. சர்க்கரையை நொதிக்காத, ஆக்சிடேஸ் நேர்மறையான கிராம் நெகட்டிவ் கோல் ஒன்று டிஎஸ்ஐ (மூன்று சர்க்கரையும் இரும்பும் கொண்ட மீடியம்) குழாயைக் கருப்பாக்கினால் அது ஏறத்தாழ ஷெவானெல்லாதான். தானியங்கிக் கருவி "புட்ரிஃபேசியன்ஸ்" (இன்னொரு ஷெவானெல்லா சிற்றினம்) என்று அறிக்கை தந்தால் அப்படியே கையெழுத்திடாமல் 42 டிகிரியிலும் 6.5 விழுக்காடு உப்பிலும் ஒரு குழாய் போடுங்கள். இரண்டிலும் வளர்ந்தால் அது பெரும்பாலும் ஆல்கே.